முரசுக்கோல் யார் கையில்?

ராஜாவே இல்லாத ஒரு நாடு இருந்தது. ராஜா இல்லாமல் என்ன கதை என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் வருத்தப்பட மாட்டேன். இருக்கிறவர்கள் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள்.

அந்த நாட்டுக்கு ஆறுமடை நாடு என்று பெயர். கடல் போல ஒரே ஒரு பெரிய ஏரி. அதற்கு ஆறு மடை. மடைக்கு ஒரு ஊர். ஏரியில் தண்ணீர் இருந்தால் எல்லோர் வீட்டிலும் சோறு. ஏரியில் இல்லையென்றால் யார் வீட்டிலும் இல்லை.

கடைசி ராஜா பிள்ளை இல்லாமல் செத்துப்போனார். ஜனங்கள் கூடிப் பேசினார்கள். "இனி நமக்கு ராஜா வேண்டாம், ஒரு தலைவரை நாமே தேர்ந்தெடுப்போம்" என்று முடிவு செய்தார்கள். தேர்வு எப்படி? நிற்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பானை. வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. யார் பானையில் கொட்டை அதிகமோ அவர் தலைவர். தலைவர் இஷ்டத்துக்கு ஆடிவிடக் கூடாதே என்று மடைக்கு ஒருவராக, அதே நாளில் அந்தந்த ஊர் தேர்ந்தெடுத்த ஆறு பேர் சபையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் நாலு பேர் தலையசைத்தால்தான் தலைவர் சொல் செல்லும்.

எல்லாம் சரி. அடுத்த தேர்வு எப்போது? இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

அந்தக் காலத்து மனிதர்கள் இப்படி வைத்தார்கள்: ஏரிக்கரை மண்டபத்தில் ஒரு முரசு இருக்கும். தலைவர் எப்போது முரசு அடிக்கிறாரோ, அதற்கு மறுநாள் தேர்வு. முட்டாள்தனம் என்று சிரிக்காதீர்கள். அவர்களும் யோசித்துத்தான் வைத்தார்கள். திடீரென்று பஞ்சம் வரும், பக்கத்து நாட்டுக்காரன் படையெடுத்து வருவான், சபையில் சண்டை வரும். அப்போது தலைவர் ஜனங்களிடம் போய், "நான் இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று கேட்க ஒரு வழி வேண்டாமா? நல்ல யோசனைதான். தலைவர் நல்லவராக இருக்கிற வரைக்கும்.

அப்படி இருக்கையில் தீத்தாரப்பன் தலைவரானான். ஆள் வாட்டசாட்டம். பேச்சில் வெல்லப்பாகு. அவனுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துபோனது. முரசுக்கோல் கையில் இருக்கிறவனுக்கு வேறெதுவும் தேவையில்லை.

ஆறாவது மடையான கடைமடை ஊருக்கு வருகிற வாய்க்கால் மண்மேடிட்டுக் கிடந்தது. தண்ணீர் ஐந்தாவது மடையைத் தாண்டாது. அதனால் கடைமடைக்காரர்கள் பங்குனி பிறந்தால் கதவுக்கு முள்படலைச் சாத்திவிட்டு, குஞ்சு குளுவானோடு கடற்கரை உப்பளத்துக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். மழை கண்டால்தான் திரும்புவார்கள்.

தீத்தாரப்பன் எப்போது முரசு அடித்தான்? அவர்கள் போன பிறகு அடித்தான். மேல்மடை ஊர்களில் குதிர் நிறைந்து, வயிறு நிறைந்து, ஜனங்கள் சந்தோஷமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற சித்திரையில் அடித்தான். ஒரு தரம் அல்ல, மூன்று தரம் அப்படியே அடித்தான். மூன்று தரமும் ஜெயித்தான். கடைமடைக்காரர்கள் திரும்பி வந்து, "தேர்வு முடிஞ்சுபோச்சா?" என்று வாயைப் பிளப்பார்கள்.

அந்த ஊரில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம். அவள் புருஷன் பூவுலிங்கத்துக்கு உப்பளத்து வெயிலும் வெள்ளையும் பட்டுப் பட்டுப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. இன்னும் இரண்டு கோடை உப்பு வாரினால் கண் அவிந்துபோகும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். தன் வயலுக்குத் தண்ணீர் வந்தால் அவன் உப்பளத்துக்குப் போக வேண்டாம். சடைச்சிக்கு வேண்டியதெல்லாம் இது ஒன்றுதான்.

மூன்றாம் தரமும் தேர்வு தெரியாமல் முடிந்துபோனதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. தலைமூட்டையை இறக்கி வைத்த கையோடு நேராகச் சபைக்குப் போனாள்.

"தலைவரே, எங்க வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி வருசா வருசம் கேக்குறோம். நீங்க காதுல வாங்கல. ஏன் வாங்கணும்? எங்க கொட்டை ஒண்ணு உங்க பானைக்குள்ள விழுந்தாத்தானே எங்க நெனப்பு வரும்? நாங்க இல்லாத நாளாப் பாத்து முரசு அடிக்கிறீங்க."

தீத்தாரப்பன் சிரித்தான். "தாயி, நான் என்ன செய்ய? நாட்டுக்கு எப்ப நல்லதோ அப்ப அடிக்கிறேன்."

"நாட்டுக்கு நல்லது எப்பவும் சித்திரையிலதான் வருமா?"

சபையில் மேல்மடைக்காரர்களே சிரித்துவிட்டார்கள். சடைச்சி விடவில்லை. "தேர்வு இன்ன நாள்னு இப்பவே சொல்லிப்போடுங்க. தெரிஞ்சா எங்க இருந்தாலும் நடந்தாவது வந்து சேந்துருவோம்."

நியாயம்தானே என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? சபைக்கும் தோன்றியது. ஆனால் ஒருவர் கேட்டார்: "நாளைக் குறிச்சு வச்சுட்டு, நடுவுல ஏதாச்சும் பெரிய தொல்லை வந்தா என்னம்மா செய்யிறது?"

சடைச்சிக்குப் பதில் தெரியவில்லை. யோசித்தாள், வரவில்லை. அந்தக் கேள்வியை மறக்காதீர்கள், அது சும்மா போகிற கேள்வி அல்ல.

அப்போது தீத்தாரப்பனே எழுந்தான். முகத்தில் அப்படி ஒரு பவ்யம். "தாயி சொல்றது நியாயம். நான் அடிக்கவே வேண்டாம். மனுசன் யாரும் அடிக்க வேண்டாம். என்னைக்கு ஏரி நிறைஞ்சு வழிஞ்சு மறுகால் பாயுதோ, அன்னைக்குத் தேர்வு. கடைமடைக்காரங்களும் மழைக்கு ஊருல இருப்பாங்க. ஏரியே நமக்கு முரசடிக்கட்டும்."

ஆகா! சபை கைதட்டியது. சடைச்சியும் தட்டினாள். ஏரித் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஏரியைத் தவிர வேறு யார் மேல் நம்பிக்கை வரும்? அங்கேதான் ஏமாந்தார்கள். உங்களில் யாருக்காவது ஓட்டை தெரிகிறதா? தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் யோசிக்கட்டும்.

மழை வந்தது. ஏரி ஏறியது. இன்னும் ஒரு சாண் ஏறினால் மறுகால். அந்த ஒரு சாண் ஏறவே இல்லை. சரி, மழை போதவில்லை என்று ஜனங்கள் நினைத்தார்கள். மறுவருஷம் அடைமழை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஏரி ஏறியது, ஏறியது, மறுபடியும் அதே ஒரு சாணில் நின்றது.

"இவ்வளவு மழைக்கு ஏரி நிறையலன்னா தண்ணி எங்கதான் போகுது?" என்று சடைச்சிக்குச் சந்தேகம். அவளுக்கு எதையும் போய்ப் பார்த்தால்தான் தூக்கம் வரும். கொட்டுகிற மழையில் கரையோடு நடந்தாள். நடந்து நடந்து, மறுபக்கம் ஆற்றுக்குப் போகிற வெள்ள மதகு வரைக்கும் போய்விட்டாள். பார்த்தால் மதகு அகலத் திறந்து கிடக்கிறது! தண்ணீர் ஓவென்று ஆற்றில் விழுந்து கடலுக்குப் போகிறது. மதகுக் காவலனிடம், "யாரு தொறக்கச் சொன்னா?" என்று கேட்டாள். "சாவி என்கிட்ட இல்லம்மா" என்றான் அவன்.

மதகுச் சாவி யாரிடம் இருக்கும்? தலைவரிடம். மறுகால் பாய்ந்தால் தேர்வு. மறுகாலே பாயாமல் பார்த்துக்கொண்டால்? அடப்பாவி, அவ்வளவு தண்ணீரையும் ஒரு நாற்காலிக்காகக் கடலில் கொட்டினானே!

இந்தத் தரம் சடைச்சி மட்டும் கத்தவில்லை. இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் போன மேல்மடைக்காரர்களும் கத்தினார்கள். ஆறு மடையும் ஒன்றாகச் சேர்ந்து புது விதி போட்டது. "மூன்று தைக்கு ஒரு தரம், தைப் பௌர்ணமியன்று தேர்வு. யார் சொன்னாலும் ஒரு நாள் முன்னும் இல்லை, ஒரு நாள் பின்னும் இல்லை." கல்லில் வெட்டி மண்டபத்தில் நட்டார்கள். நிலாவுக்கு மதகு கிடையாது, சாவியும் கிடையாது.

வருகிற தையிலேயே முதல் தேர்வு. கடைமடைக்காரர்கள் குளித்து முழுகிப் புதுத்துணி கட்டி, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார்கள். கையில் கொட்டையைப் பொத்திப் பிடித்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் சடைச்சி பானை நிரம்பி வழிந்தது. தீத்தாரப்பன் வீட்டுக்குப் போனான்.

கதை முடிந்தது என்று எழுந்திருக்கிறீர்களா? உட்காருங்கள். இனிமேல்தான் விஷயமே.

சடைச்சி தலைவியானதும் முதல் வேலையாகக் கடைமடை வாய்க்காலில் கை வைத்தாள். நல்ல வேலைதான். கடைமடைக்காரர்களில் பலர் கோடையிலும் உப்பளத்துக்குப் போகாமல் மண் வெட்ட ஊரிலேயே நின்றார்கள். வருஷம் ஒன்று ஓடிற்று. வாய்க்கால் முக்கால்வாசி ஆயிற்று. அடுத்த கோடையில், வாய்க்காலில் இன்னும் ஒரு நீட்டுதான் பாக்கி இருந்தபோது, இரண்டாம் மடைக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் கசிவு கண்டது. முதலில் ஈரம். அப்புறம் ஊற்று. அப்புறம் ஆள் கை நுழைகிற பிளவு.

மேல்மடை மூன்றும், "வாய்க்கால் வேலைய நிறுத்து. அத்தனை பேரும் கரைக்கு வாங்க" என்றது. கீழ்மடை மூன்றும், "இன்னும் கொஞ்சந்தான், வாய்க்காலை முடிச்சுட்டு வாறோம்" என்றது. மூன்றுக்கு மூன்று. நாலு பேர் தலையசைக்காமல் எதுவும் நடக்காது. சபை கூடியது, கலைந்தது. கூடியது, கலைந்தது. மேல்மடை ஆட்கள் வாய்க்காலுக்கு வரவில்லை, கீழ்மடை ஆட்கள் கரைக்குப் போகவில்லை. வாய்க்கால் வேலையும் நின்றது, கரை வேலையும் நின்றது.

சடைச்சி எந்தப் பக்கம்? மறைப்பானேன், வாய்க்கால் பக்கம். புருஷன் கண் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. அவளைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். ஆனால் ஐப்பசி மழைக்குக் கரை உடைந்தால் ஆறு ஊரும் போகுமே, அதுவும் அவளுக்குத் தெரியும். தூக்கம் போயிற்று.

தேர்வு எப்போது? அடுத்த தை அல்ல, அதற்கும் அடுத்த தை. ஒரு நாள் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கல்லில் வெட்டியாயிற்று.

வழியில் பார்த்த தீத்தாரப்பன் ஒரு கும்பிடு போட்டான். "என்ன தாயி, நடுவுல தொல்லை வந்தா என்ன செய்யிறதுன்னு சபையில அன்னைக்கே கேட்டாங்களே. பதில் ஏதும் கிடைச்சுதா?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் கேட்டது சரியான கேள்வி. கேட்டவன் மோசமானவன் என்பதால் கேள்வி மோசமாகிவிடுமா?

ஆடி வந்தது. மேல்மடைக்காரர்கள் பாதிப்பேர் மலையடிவாரத்தில் குலசாமி கொடைத் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போனார்கள். அன்று கடைமடைச் சபைக்காரன் கொண்டையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். சடைச்சிக்குத் தம்பி முறை.

"அக்கா, இதைவிட நேரம் வாய்க்காது. மேல்மடையில ஆளே இல்ல. இப்ப முரசை அடி. நாளைக்குத் தேர்வு வை. நீயும் ஜெயிப்ப, நம்ம ஆளுக நாலு பேரு சபைக்குள்ள வந்துருவாங்க. வாய்க்காலை முடிச்சுட்டு நிம்மதியாக் கரையைப் பாப்போம்."

"விதி இருக்கேடா?"

"நீ போட்ட விதிதானே! நல்லதுக்காகத் தாண்டினா யாரு கேக்கப்போறா?"

சடைச்சி மண்டபத்துக்குப் போனாள். முரசுக்கோலைக் கையில் எடுத்தாள். ஓங்கியும் விட்டாள். இப்போது சொல்லுங்கள், அடிக்கலாமா, கூடாதா? அவள் கெட்டவள் இல்லை. கேட்பதும் தண்ணீர்தான். ஆனால் மேல்மடைக்காரர்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து அடிக்கிறாள். முன்னே யார் அப்படி அடித்தது? அவளுக்கே வெட்கம் பிடுங்கித் தின்றது. கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

மேல்மடைக்காரர்கள் திரும்பி வரும்வரை காத்திருந்து சபையைக் கூட்டினாள்.

"தேதி வேணும்னு நான் கேட்டது தப்பில்ல. ஆனா எல்லாக் கதவையும் அடைச்சுப் பூட்டுனது தப்பு. இப்ப ஒரு வழி சொல்றேன். தை தேர்வு அப்படியே இருக்கட்டும். நடுவுல வண்டி குடைசாய்ஞ்சா, ஆறு மடையில நாலு மடை சேந்து கேட்டா முரசு அடிக்கலாம். தலைவர் மட்டும் கோலைத் தொடவே கூடாது. அடிச்ச மறுநாளே தேர்வு வைக்கக் கூடாது. ஒரு மாசம் பொறுக்கணும், வெளியூருல கெடக்குறவங்க வந்து சேரணும். புதுசா வாறவரும் மிச்ச நாளுக்குத்தான். தையில அவரும் பானைக்கு முன்னால நிக்கணும்."

மேல்மடை மூன்று பேரும் உடனே கை தூக்கினார்கள். அவளை இறக்க வழி கிடைத்ததே! நாலாவது கை வேண்டும். கீழ்மடைக்காரர்கள் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சடைச்சி கொண்டையனைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காதக்கா. இப்ப தேர்வு வச்சா நீ தோத்துருவ. வாய்க்கால் போச்சு. மச்சான் கண்ணு போச்சு."

சொல்லிவிட்டு அவனே அழுதுவிட்டான். சடைச்சிக்கும் கண்ணீர் வந்தது. துடைக்கக்கூட இல்லை.

"தெரியும்டா. கரை உடைஞ்சா கண்ணு இருந்து எதைப் பாக்க? தூக்கு."

கொண்டையன் கை தூக்கினான். விதியும் மாறியது, தேர்வும் முடிவாயிற்று. நாலு மடைக்காரர்களும் ஒன்றாகக் கோலைப் பிடித்து முரசு அடித்தார்கள். ஊருக்குப் போனால் அவள் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றாத குறை. "ஜெயிச்ச நாற்காலியைத் தூக்கிக் குடுத்துட்டு வாறா பாரு" என்று அவள் ஜனங்களே ஏசினார்கள்.

அந்த ஒரு மாதமும் ஊர் ஊராகப் போய், "கரையைத்தான் நான் முதல்ல பாத்திருக்கணும், பாக்காம விட்டேன்" என்று அவளே சொன்னாள். இப்படிப் பேசினால் யார் கொட்டை போடுவார்கள்? தேர்வில் தோற்றாள். ஜெயித்தது யார் என்று கேட்கிறீர்களா? தீத்தாரப்பன்!

முகத்தைச் சுளிக்காதீர்கள். நானா தேர்ந்தெடுத்தேன்?

அவன் திருந்தி நல்லவனாகி விட்டானா என்றால், அட, போங்கள். அதே ஆள்தான், அதே வெல்லப்பாகுதான். ஆனால் அவன் ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டான். முரசைத் தொட முடியாது. நிலாவைத் தள்ளிப்போட முடியாது. ரொம்ப மோசமாக நடந்தால் நாலு மடை சேர்ந்து நடுவிலேயே இறக்கிவிடும். ஒழுங்காக வேலை பார்ப்பதைத் தவிர வேறு எந்த வழியும் அவனுக்குப் பிடிபடவில்லை. பாவம்!

மறுநாளே ஆட்களைத் திரட்டினான். கீழ்மடையையும் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தான். முதல் ஆளாகக் கொண்டையனும், மண்கூடையோடு சடைச்சியும் வந்தார்கள். பனந்தடி நட்டு, களிமண் அடைத்து, கல் பாவினார்கள். ஐப்பசி மழை அடித்து நொறுக்கியது. கரை அசையவில்லை.

அடுத்த வருஷம் யாரும் கேட்காமலே கடைமடை வாய்க்காலின் மிச்ச நீட்டை வெட்டத் தொடங்கினான். அடுத்து வருவது தேர்வுத் தை. தையில் கடைமடைக்காரர்கள் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். அந்த வருஷம் முழுக்க அவன் வாயிலிருந்து சிரிப்பு இறங்கவே இல்லை. பார்க்கிற பிள்ளைக்கெல்லாம் கருப்பட்டி மிட்டாய். தேதி தெரிந்த தேர்வுக்கு இந்தத் தொல்லை உண்டு, நாம்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டும்.

கார்த்திகையில் தண்ணீர் வந்தது. கடைமடைக்கு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் தரமாக, கலங்கலும் நுரையுமாக வந்தது. ஜனங்கள் குலவையிட்டார்கள். பூவுலிங்கத்துக்கு அரைப்பார்வைதான் மிச்சம். ஆனாலும் வருகிற பங்குனியில் அவன் உப்பளத்துக்குப் போக வேண்டியதில்லை. வயலுக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, குழந்தை மாதிரி அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டான். சடைச்சி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். சிரித்தாள். மறுபடியும் அழுதாள்.

அப்போது சேற்றில் வழுக்கி வழுக்கித் தீத்தாரப்பன் வந்து சேர்ந்தான். அவன் கடைமடை வரப்பில் கால் வைத்தது அன்றுதான்.

"பாத்தியா தாயி, தண்ணி கொண்டுவந்துட்டேன். தையில உன் கொட்டை என் பானைக்குத்தானே?"

சடைச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தண்ணி கொண்டுவந்ததுக்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், தலைவரே. ஆனா எங்க தண்ணியக் கடல்ல கொட்டுனதும் நீங்கதான். ரெண்டையும் வச்சு யோசிக்கிறேன். பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் இந்த வாய்க்கால்ல ஒழுகுற வயல் மடையக் கொஞ்சம் சரி பண்ணி வையுங்க."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடையைப் பார்க்கப் போனான்.

கதை இவ்வளவுதான், கேட்டவர்கள் இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆளுகிறவரை எடைபோடும் நாளை ஆளுகிறவர் கையில் ஒருபோதும் கொடுக்கக் கூடாது, ஆனால் அந்த நாள் வரை பொறுக்க முடியாத ஆபத்து வந்தால் திறப்பதற்கு ஒரு கதவை ஜனங்கள் தங்கள் கையில் வைத்திருக்க வேண்டும்.